கழுத்து ஒடியாத தலை

‘கைப்பாவை’ என்ற சொல்லைத் தினசரிப் பத்திரிகைகளில் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஓர் அரசியல்வாதி வேறு யாரோ ஒருவருடைய கைப்பாவை என்று யாராவது ஓர் எதிர்க்கட்சிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் நிஜமான கைப்பாவையைக் கையில் மாட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆட்காட்டி விரலைத் தலைக்குள் நுழைத்து, கட்டை விரலையும் நடுவிரலையும் பொம்மையின் இரு கைகளுக்குள் விட்டு, சட்டையை முழங்கை வரை இழுத்துவிட்டால் தீர்ந்தது. பொம்மை கும்பிடும், தலையாட்டும், பக்கத்து வீட்டுப் பாப்பாவின் மூக்கைப் பிடிக்கும்!

இந்தப் பொம்மைக்கு ஒரே ஒரு விரோதி உண்டு. அது தரை. கையிலிருந்து நழுவினால் சட்டைக்கு ஒன்றும் ஆகாது. மூக்கு போகும், அல்லது கழுத்து போகும். பெரும்பாலும் கழுத்துதான்.

டில்லியில் 1979-ல் தொடங்கப்பட்ட கலாசார வள, பயிற்சி மையம் பல மாநிலங்களிலிருந்தும் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்துப் பொம்மலாட்டம் சொல்லிக் கொடுத்து வருகிறது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியை ஆசையோடு காகிதத்தில் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு நரி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குழந்தைகள் மாறி மாறிக் கையில் மாட்டினால் அரைப் பரீட்சை வருவதற்குள் ராஜாவுக்குக் கழுத்து தொங்கிவிடும். அடுத்த வருஷம் அவர் மறுபடியும் உட்கார்ந்து தலை செய்ய வேண்டும். எத்தனை வருஷம் செய்வார்?

ஆகவே நீடித்து உழைக்கும் தலை எப்படி அமையும் என்று பார்ப்போம். இதற்கு உகந்த சீமை பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம்.

முதலில் மண். அரியலூர்ச் சீமையில் மண்ணுக்கு என்ன பஞ்சம்? கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்கள் கல்லாகி இன்னும் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. ஆனால் சூளையில் வெந்த மண் தலை ஒரு முறை விழுந்தாலே போதும், இரண்டாம் காட்சி கிடையாது. கனமும் அதிகம். மண்ணை அச்சுக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, தலைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அச்சு என்றேன் அல்லவா? அங்கேதான் காகிதத்தின் சாமர்த்தியம். களிமண்ணில் முகம் பிடித்து, எண்ணெய் தடவி, கிழித்த காகிதத் துண்டுகளைப் பசையில் தோய்த்து ஒட்ட வேண்டும். ஒரு சுற்று வெள்ளைக் காகிதம், அடுத்த சுற்று வண்ணக் காகிதம் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று கண்ணே சொல்லிவிடும். ஆறு, ஏழு சுற்றாவது வேண்டும். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பிறகு இரண்டாக அறுத்து, மண்ணை எடுத்துவிட்டு, மறுபடி மூடி ஒட்டிவிடலாம்.

பசைக்கு மைதாவைக் காட்டிலும் புளியங்கொட்டை மேல். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் இறுகப் பிடிக்கும் பசை கிடைக்கும். ஆந்திராவில் கொண்டபல்லி பொம்மைக்காரர்கள் இதே பசையில் மரத்தூளைக் குழைத்துத்தான் தனித்தனியாகச் செய்த உறுப்புகளை ஒட்டி இணைக்கிறார்கள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு அது கூடவே கூடாது.

இவ்வளவு செய்தும் காகிதத் தலைக்குக் கழுத்துதான் பலவீனம். விரல் உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும் இடம். வியர்வை படும் இடம். ஈரம் பட்ட காகிதம் எத்தனை நாள் தாங்கும்?

கடைசியில் மரத்துக்குத்தான் வர வேண்டும். மரம் என்றால் அரும்பாவூர்.

பெரம்பலூருக்கு வடமேற்கே, பச்சைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்தில் தழுதாழை. இரண்டு ஊர்களிலும் உளிச் சத்தம் கேட்கும். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் பிள்ளையார், முருகன், நடராஜர், கோயில் வாகனங்கள் என்று செதுக்குகிறார்கள். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தச் சிற்பத்தின் விசேஷம், ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் உருவத்தைக் கொண்டுவருவது. கைப்பாவையின் தலைக்கு வேண்டியதும் அதுவேதான். தலை வேறு, கழுத்து வேறு என்று செய்து ஒட்டினால் ஒட்டிய இடத்தில்தான் முதலில் விடும்.

ஆனால் சுவாமி சிலை செய்யும் கைக்கும் பொம்மைத் தலை செய்யும் கைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சிலைக்குக் கனம் அழகு. கைப்பாவைக்குக் கனம் பகை. ஓர் ஆரஞ்சுப் பழத்துக்கு மேல் எடை இருந்தால் ஆட்டுபவரின் விரல் கால் மணி நேரத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இதற்கு வழி அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டிக் கும்பகோணத்துப் பக்கம் பார்த்தால் தெரியும். அந்த வட்டாரத்துப் பொம்மலாட்டப் பாவைகள் கயிற்றாலும் கம்பியாலும் ஆடுபவை; நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ளவைகூட உண்டு. எடையைக் குறைக்க அவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். ஆம், சளிக்கு அடை தட்டுவார்களே, அதே முள்முருங்கைதான்! மிக லேசான மரம். பூச்சி மட்டும் சீக்கிரம் வரும். ஆகவே நிழலில் நிதானமாக உலர்த்தி, வேப்பெண்ணெய் காட்டி, வர்ணத்தால் நன்றாக மூடிவிட வேண்டும்.

வாகையோ வேம்போ ஆனால், உள்ளே குடைந்து கனத்தைக் குறைக்கலாம். ஜப்பானியரின் புன்ராக்கு பொம்மைத் தலைகள் அப்படித்தான்: செதுக்கிய தலையை முன் பாதி, பின் பாதியாகப் பிளந்து, குடைந்து, மறுபடி ஒட்டுகிறார்கள்.

சிற்பியிடம் போகிறவர்கள் மூன்று விஷயம் சொன்னால் போதும். மரத்தின் ரேகை உச்சியிலிருந்து கழுத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கழுத்து ஒடிந்துவிடும். கழுத்துத் துளை ஆட்காட்டி விரலின் இரண்டாம் கணு வரை போக வேண்டும், அடியில் ஒரு விளிம்பும் வேண்டும். இல்லாவிட்டால் சட்டையைக் கட்டிய நூல் நழுவிவிடும். மூக்கும் காதும் அதிகம் துருத்தக் கூடாது. ராவணனே ஆனாலும் கொஞ்சம் சப்பை மூக்கு வைத்தால் ஆயுசு கெட்டி.

உறுதியான தலையால் என்ன பெரிய லாபம் என்று கேட்பீர்கள். கேரளத்துப் பாவைக் கதகளியின் கதையைக் கேளுங்கள். கதகளி வேஷம் போட்ட கைப்பாவைகள் அவை; ஓர் அடியிலிருந்து இரண்டடி உயரம், தலையும் கைகளும் மரம். ஆண்டிப் பண்டாரம் என்ற சமூகத்தார் பாலக்காட்டுச் சீமையில் வீடு வீடாகப் போய் ஆடி வந்தார்கள். காலப்போக்கில் ஆட்டம் நின்றுபோயிற்று. ஆனால் தலைகள் வீட்டில் இருந்தன. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தூண்டுதலில், இரிஞ்சாலக்குடா நடனகைரளியின் ஜி. வேணு 1980-களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்தாரையே கூட்டிப் பயிற்சி கொடுத்து ஆட்டத்தை மீட்டார். எஞ்சியிருந்த பழைய பொம்மைகளே வழி காட்டின. அவை காகிதத் தலைகளாக இருந்திருந்தால் எதைப் பார்த்துப் புதிய பொம்மை செதுக்கியிருப்பார்கள்?

ஐரோப்பாவிலும் ஓர் உதாரணம் உண்டு. பால் கிளே என்ற புகழ் பெற்ற ஓவியர் தம் மகன் பெலிக்ஸுக்காக 1916 முதல் 1925 வரை சுமார் ஐம்பது கைப்பாவைகள் செய்தார். பிளாஸ்டர், மாட்டெலும்பு, தீப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் தலையாயிற்று. பிள்ளையும் அவற்றை வைத்து ஆசை தீர ஆடினான். முப்பது எஞ்சி, சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் இருக்கின்றன.

அரும்பாவூரில் கைப்பாவை செதுக்குவது வழக்கமான தொழில் அல்ல. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடம் ஆறு தலைகளுக்கு ஆர்டர் கொடுத்தால் உளிக்கும் மரத்துக்கும் அது புதிய சங்கதி ஆகாது. பூஜை அறைக்கு அப்பாலும் ஒரு கிராக்கி உண்டாவது சிற்பிகளுக்கு நல்லதுதானே?

தலை வந்ததும் சட்டையை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். விளிம்பின் மேல் நூலால் இறுகக் கட்டுங்கள். அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம். விடுமுறையில் பொம்மையைத் துணிப் பையில் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். பையில் ஒரு பிடி காய்ந்த வேப்பிலையும் இருக்கட்டும்.