‘1776’ படத்தில் இல்லாத 14 வயதுப் பையன்

அமெரிக்க தேசம் பிறந்த கதையைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொன்ன படம் ‘1776’. பிராட்வேயில் 1969இல் மேடையேறிய இசைநாடகத்தை ஜாக் வார்னர் 1972இல் படமாகத் தயாரித்தார். இயக்கம் பீட்டர் ஹண்ட். பாடல்களும் இசையும் ஷெர்மன் எட்வர்ட்ஸ். பிலடெல்பியாவின் புழுக்கமான மண்டபம், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டையிடும் பிரதிநிதிகள், எல்லாருக்கும் எரிச்சலூட்டும் ஜான் ஆடம்ஸ். தேசத் தந்தையரை இவ்வளவு கேலியோடு காட்ட நம்மூர் சினிமா துணியுமா என்பது தனிக் கதை. அந்தத் துணிச்சலுக்கும் எல்லை இருந்தது: சொத்துக்காரர்களைக் கிண்டலடித்த ஒரு பாடல் அதிபர் நிக்சனுக்குப் பிடிக்கவில்லை என்பதால் வெட்டப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே திரும்பச் சேர்க்கப்பட்டது.

நாம் பேச வேண்டியது வேறொரு பாட்டைப் பற்றி. ஜெபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பத்தி ஒன்று இருந்தது. அதை நீக்கச் சொல்லி, தென் கரோலினாவின் ரட்லெட்ஜ் எழுந்து பாடுகிறார். வெல்லப்பாகும் ரம்மும் மனிதர்களும் ஒன்றுக்கொன்று விலையாகச் சுற்றிவரும் வணிகத்தில், கப்பலும் லாபமும் வடக்கத்தியருடையவை என்று சுட்டுகிறார். ஏலம் விடுபவனின் குரலிலும் அவரே கூவுகிறார். படத்தின் மிக நேர்மையான இடம் இதுதான். ஆனால் இங்கும் வெள்ளையர் வெள்ளையரைத்தான் குற்றஞ்சாட்டுகிறார். விற்கப்பட்டவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

பத்தியை நீக்கினால்தான் விடுதலைக்கு வாக்களிப்போம் என்று தெற்கு பேரம் பேசுவதாகவும், ஆடம்ஸ் மனம் நொந்து இணங்குவதாகவும் படம் காட்டுகிறது. நடந்த வரிசை அதுவல்ல. விடுதலைத் தீர்மானம் ஜூலை 2ஆம் தேதியே நிறைவேறிவிட்டது. வாசகங்களைத் திருத்தும்போதுதான், 4ஆம் தேதிக்குள், பத்தி வெட்டப்பட்டது. ‘வேறு வழியில்லாமல் கொடுத்த விலை’ என்ற ஆறுதல் திரைக்கதை தருவது. அந்தப் பத்தியும் அடிமைகளின் விடுதலையைக் கேட்கவில்லை. வணிகத்தின் பழியை முழுதும் இங்கிலாந்து மன்னர்மேல் போட்டது; அடிமைகளை எசமானர்களுக்கு எதிராக அவர் தூண்டுகிறார் என்றும் புலம்பியது.

படத்து ஜெபர்சன் தன் அடிமைகளை விடுவிக்க முடிவெடுத்துவிட்டதாகச் சொல்கிறார். உண்மை ஜெபர்சன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார். சட்டப்படி விடுவித்தவர்கள் 10 பேர்கூட இல்லை. மனைவி மார்த்தா பிலடெல்பியாவுக்கு வந்து பாடுவதாகப் படத்தில் ஒரு காட்சி உண்டு. அந்தக் கோடையில் அவர் அங்கே வரவே இல்லை. வந்திருந்தவர் ராபர்ட் ஹெமிங்ஸ், 14 வயது, ஜெபர்சனுக்குப் பணிவிடை செய்த அடிமை. மார்த்தாவின் தந்தைக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர். அதாவது மார்த்தாவின் தம்பி. வராத அக்காவுக்குப் பாட்டு உண்டு, கூடவே இருந்த தம்பிக்கு நிழல்கூட இல்லை. 1794இல்தான் அவர் விடுதலை பெற்றார், அதுவும் விலை கட்டி.

ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’யை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். இப்படம் வந்த அதே 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தது. நம் அரசியல் நிர்ணய சபையில் நிலைமை வேறு: வரைவுக்குழுத் தலைவரே அம்பேத்கர். அங்கிருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். அவருடைய உரைகள் சபை விவாதத் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. நாடகம் எழுத நினைக்கும் தோழர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.