நின்றே வியாபாரம் செய்வோருக்கு நல்ல காலணி

மிளகாயைக் கிள்ளிப் பார்த்து, புளியை முகர்ந்து பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம், காலணி வாங்கும்போது மட்டும் பளபளப்பைக் கண்டு ஏமாந்து விடுகிறோம். கடை திறந்தது முதல் கணக்கு முடிக்கும் வரை நம்மைச் சுமப்பவை கால்கள் அல்லவா?

நல்ல தோல் ஷூவுக்கு வெளிநாட்டை நாட வேண்டியதில்லை. நம் திருப்பூர் பனியனைப் போலவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூக்களும் ஐரோப்பா வரை செல்கின்றன.

நாள் முழுக்க நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் வாங்குவதே நல்லது. இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் தேவை. "போடப் போட இளகிவிடும்" என்ற பேச்சை நம்பக் கூடாது.

ஐப்பசி மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு, எண்ணெய் பட்டால் அன்றே துடைக்க வேண்டும். பாலிஷ் போட நம் ஊர் பனியன் வேஸ்ட் போதும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை உலரும், இரண்டும் நீடித்து உழைக்கும்.

முக்கியமாக ஒன்று. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறையக்கூடும். ஷூ கடித்த புண் தெரியாமலே முற்றி, விரலையே எடுக்க நேரிடலாம். அவர்கள் அணியுமுன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், மருத்துவர் சொன்னால் எம்.சி.ஆர். காலணிக்கு மாறுவதும் அவசியம்.

இரவில் கல்லாவை எண்ணும் நாம், பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்போம்.