முன்வரிசையின் ஆசான்

கோபுரத்தின் கலசத்தைக் கண்டு வியப்போர் பலர். அதனைத் தாங்கி நிற்கும் கடைக்காலை நினைப்போர் சிலரே. விளையாட்டுக் களத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். பந்தை ஏந்தி ஓடும் வீரனை ஊரே போற்றும். அவனை எதிர்த்துத் தடுத்து நிற்கும் முன்வரிசையினரைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு ஆட்டம் கற்பித்த ஆசானை அறிந்தவரோ மிகச் சிலர். அத்தகைய ஆசான் ஒருவர் எவ்வாறு உருவாகின்றார் என்பதற்கு, அமெரிக்க நாட்டைச் சேர்ந்த லாரி ஜான்சனின் வாழ்க்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்கக் கால்பந்து, நம் நாட்டில் ஆடப்பெறும் கால்பந்தினின்றும் வேறானது. அதன் பந்து நீண்டு, இரு முனைகளும் குவிந்திருக்கும். அதனைக் கையில் ஏந்தி ஓடலாம். தோழனை நோக்கி எறியவும் செய்யலாம். ஒவ்வோர் அணியிலும் 11 பேர் களத்தில் நிற்பர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறுதல் வேண்டும்; இயலாவிடின் பந்து எதிரணியைச் சேரும். அம்முன்னேற்றத்தைத் தடுப்பதே காக்கும் அணியின் கடமை. அவ்வணியின் முன்னணியில் பெரும்பாலும் நால்வர் நிற்பர். இருவர் நடுவிலும், இருவர் ஓரங்களிலும் இடம் பெறுவர். இந்நால்வரே காப்பு முன்வரிசையினர் ஆவர்.

இவர்தம் பணி எளிதன்று. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்து அசைந்த அக்கணமே இவர்கள் பாய்ந்தெழுதல் வேண்டும். எதிரே நிற்பவரோ 140 கிலோகிராம் எடைகொண்ட மல்லர் போன்றவர். எதிரணியினர் தாம் செய்யப் போவதை முன்னரே அறிவர்; முன்வரிசையினர் அறியார். பந்து ஓடப் போகின்றதா, எறியப்பெறப் போகின்றதா என்பதை எதிரியின் தோளும் காலும் அசையும் வகை கொண்டே இவர்கள் உணர்தல் வேண்டும். ஒரு முயற்சி சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே நின்று சிந்திப்பதற்குக் காலமில்லை. முதலடியை எங்கு வைப்பது, உடலை எவ்வளவு தாழ்த்துவது, எதிரியின் கைகளை எவ்வாறு தட்டி விலக்குவது என்பன எல்லாம் பழக்கத்தால் உடலில் ஊறியிருத்தல் வேண்டும். அப்பழக்கத்தை ஊட்டுபவரே முன்வரிசைப் பயிற்சியாளர். ஒரே அடியை நூறு முறை வைக்கச் செய்வார். ஆட்டத்தின் படச்சுருளை நிறுத்தி நிறுத்திக் காட்டிப் பிழை திருத்துவார்.

கல்லூரி அணிகளில் இப்பதவியை அடையும் வழி நீண்டது. பெரும்பாலோர் முதலில் கல்லூரி ஆட்டக்காரராக இருந்தவரே. படிப்பு முடிந்தபின் சிலர் மேற்பட்ட வகுப்பில் சேர்ந்து, சிறு ஊதியத்திற்கு உதவியாளராகப் பணிபுரிவர். பிறகு சிறிய கல்லூரி ஒன்றில் ஏதேனும் ஒரு பிரிவின் பயிற்சியாளராவர். படிப்படியாகப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் செல்வர். அதற்கு மேல் காப்புப் பிரிவு முழுமைக்கும் தலைவராதல் ஒருபடி. தலைமைப் பயிற்சியாளராதல் உச்சப்படி. ஆயினும் இவ்வேணியில் நிற்போருக்கு உறுதிப்பாடு குறைவு. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டாலோ விலகினாலோ, துணைப் பயிற்சியாளர் பலரும் தம் வேலையை இழப்பர். புதிய ஊர், புதிய வீடு, பிள்ளைகளுக்குப் புதிய பள்ளி என அவர்தம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தவண்ணம் இருக்கும்.

ஜான்சன் சென்ற வழி இதனினும் வேறானது. வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த அவர் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, 1960-களின் பிற்பகுதி வரையிலும் கறுப்பின இளைஞரைத் தம் அணிகளில் சேர்த்ததில்லை. கறுப்பின மக்களின் கல்விக்கென 1891-ஆம் ஆண்டில் தோன்றிய எலிசபெத் நகர அரசுக் கல்வி நிலையத்தில் ஜான்சன் பயின்றார். அதன் அணியிலும் ஆடினார். பின்னர் அவர் உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சியாளரானார். மேரிலாந்து மாநிலத்து மெக்டொனா பள்ளியிலும், வர்ஜீனியாவில் அந்நாளில் டி. சி. வில்லியம்ஸ் என வழங்கிய பள்ளியிலும் பணியாற்றினார். இவ்வாறு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்தன. அவருடைய மெக்டொனா அணி மாநிலப் பட்டங்களை வென்றது.

1996-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. முதலில் ஓரங்களில் நிற்போர்க்கும், பின்னர் முன்வரிசை முழுமைக்கும் அவர் பயிற்சியளித்தார். அவரிடம் பயின்ற கோர்ட்னி பிரவுன் என்பவரை, தொழில்முறை அணிகள் 2000-ஆம் ஆண்டு நடத்திய தேர்வில் கிளீவ்லாந்து அணி முதல்வராகத் தேர்ந்தெடுத்தது. லைபீரிய நாட்டு உள்நாட்டுப் போரினின்று தப்பிச் சிறுவனாக அமெரிக்கா வந்த தம்பா ஹாலியும் அவர் மாணவரே. அவரும் 2006-ஆம் ஆண்டின் முதற் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்நிலையில் சோதனை வந்தது. முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஒருவரின் குற்றங்கள் வெளிப்பட்டதையொட்டி, 1966 முதல் தலைமைப் பயிற்சியாளராக விளங்கிய ஜோ பட்டர்னோ 2011-ஆம் ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். புதிய தலைவர் பழைய துணைவர் பெரும்பாலோரை மாற்றினார். ஆயினும் ஜான்சனை வைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் அவரும் விலகவே, ஜான்சன் இடைக்காலத் தலைவரானார். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பதவி வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. 18 ஆட்டப் பருவங்கள் உழைத்த இடத்தை அறுபது வயது கடந்த நிலையில் விட்டு நீங்குவதா, அன்றி அங்கேயே தங்குவதா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அவர் நீங்கினார்; ஆனால் தொழிலை விட்டு நீங்கவில்லை. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், தாம் அறிந்த அதே முன்வரிசைப் பணியை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

வீரரைக் கல்லூரிக்கு அழைத்து வருவதும் இத்தகைய பயிற்சியாளரின் கடமைகளுள் ஒன்று. இளைஞரின் இல்லத்திற்கே சென்று, பெற்றோருடன் அமர்ந்து, அவர்தம் மகனின் படிப்புக்கும் ஒழுக்கத்திற்கும் பொறுப்பேற்பதாக உறுதி கூறுதல் வேண்டும். பள்ளிகளில் பல்லாண்டு பழகிய ஜான்சனுக்கு இது கைவந்த கலை. ஒருகாலத்தில் அவர் பணியாற்றிய மேரிலாந்து மாநிலத்திலிருந்தே சேஸ் யங் என்னும் வீரர் ஒகையோ வந்து சேர்ந்தார். 2020-ஆம் ஆண்டுத் தேர்வில் யங் இரண்டாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஜோயி போசா 2016-இல் மூன்றாமவராகவும், அவர் தம்பி நிக் போசா 2019-இல் இரண்டாமவராகவும் தேர்வு பெற்றனர். மூவரும் ஜான்சனிடம் பயின்றவரே.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தலைமைப் பயிற்சியாளர் தொற்றுநோயால் களத்திற்கு வர இயலவில்லை. அன்று மிச்சிகன் மாநில அணியை எதிர்த்து ஒகையோ அணியை ஜான்சன் தலைமை தாங்கி நடத்தினார். ஒகையோ 52–12 என்ற எண்ணிக்கையில் வென்றது. 1890-ஆம் ஆண்டில் ஆடத் தொடங்கிய அவ்வணியை, ஓர் ஆட்டத்தில் தலைமையேற்று நடத்திய முதற் கறுப்பினத்தவர் அவரே. தலைமைப் பயிற்சியாளர் நலம் பெற்று மீண்டதும், ஜான்சன் தம் நால்வர் வரிசைக்குத் திரும்பினார். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒகையோ அணி நோட்டர் டேம் அணியை வென்று நாட்டின் முதன்மைப் பட்டம் பெற்றபோதும், அவர் முன்வரிசைப் பயிற்சியாளராகவே இருந்தார்.

உச்சப்படியில் ஏறியவரையே உலகம் வெற்றி பெற்றவர் என்று கருதும். ஜான்சன் அப்படியில் சிறிது காலமே நின்றார். எனினும் அவர் வாழ்க்கையைக் குறையுடையது என்று கூறுவார் யாருமிலர். தாம் நின்ற படியிலேயே நின்று, பிறர் பலரை மேலே ஏற்றிவிட்டவர் அவர். பதவியின் உயரத்தால் அன்றி, மாணவர்தம் உயர்வால் அளக்கப்படுவதே ஆசிரியரின் பெருமை. அதனைக் கற்பிப்பதற்குக் கரும்பலகைதான் வேண்டும் என்பதில்லை. புல் முளைத்த ஆடுகளமும் போதும்.