பிள்ளையின் நாவுக்குள்ள உரிமை

முருங்கையிலை வறையும், குரக்கன் பிட்டும், வல்லாரைச் சம்பலும், ஒடியற் கூழும் இன்னும் வழக்கொழியாத யாழ்ப்பாணத்து வீடுகளிலே, இரண்டு வயதுப் பிள்ளை பால்மாவையும் பிஸ்கட்டையும் அன்றி வேறொன்றையும் தீண்டுவதில்லை என்று தாய்மார் விசனப்படக் கேட்கும்போதெல்லாம், குறை பிள்ளையின் நாவிலன்று, அதற்கு நாம் அளித்த பரிச்சயத்திலேயே உள்ளதென்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு மசித்த ஆகாரமும் தொடங்கவேண்டும். முதலாண்டிற் பல ருசிகளையும் எளிதில் ஏற்கும் சிசு, இரண்டு வயதை அண்டியதும் அறியாத உணவைக் கண்டு அஞ்சுவது இயற்கை. ஒருமுறை துப்பிய கீரையை அதற்குப் பிடிக்காதென்று தீர்ப்பளித்து நிறுத்திவிடாமல், எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்கு அதனினும் கூடுதலாக, சிறு கவளமாகப் பொறுமையுடன் முன்வைத்தாலே நா பழகும். பூச்சாண்டி காட்டியோ கைத்தொலைபேசியைக் காட்டியோ வாயிற் தீத்துவது பசியறியும் சக்தியையே மழுங்கச் செய்யும்.

பால்மாவே நான் பெரிதும் அஞ்சுவது. ஆறு மாதத்தின் பின் தாய்ப்பால் மட்டும் தரவியலாத இரும்புச்சத்தை மீனும், ஈரலும், முட்டையும், பருப்பும், கீரையும் தரக் காத்திருக்க, நாள் முழுதும் போத்தற்பாலால் நிறைந்த வயிறு அவற்றுக்கு இடங்கொடாது; சோற்றோடு தேநீரும் பருக்கினாலோ, உண்ட உணவிலுள்ள இரும்பும் உடலிற் சேர்வது குறைந்து, இரத்தசோகைக்கு வழி திறக்கும்.

பலவகை ருசியென்று எதையும் ஊட்டிவிடலாகாது. ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டா. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் சிசுவுக்குத் தசைத் தளர்ச்சியை விளைவிக்கக்கூடும். முழுக் கச்சான் புரைக்கேறி மூச்சை அடைக்கும், அரைத்துக் கொடுக்கலாம். மீனின் முள்ளை விரலாற் தடவிப் பார்த்தே ஊட்டுக.

1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. போஷாக்கான உணவு அதன்படி பிள்ளைக்குரிய உரிமை. ஆதலின் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஆலோசனை கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. வளர்ச்சிப் பதிவேட்டிலே நிறைக்கோடு ஏறாது கிடையாக நின்றால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமற் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுக. கடையில் வாங்கும்போதும் விழிப்பு வேண்டும்: மென்பானப் போத்தல்களில் 2016 முதல் இடப்படும் நிறக்குறியிற் சிவப்பு மிகுந்த சீனியைக் குறிக்கும். காலாவதியான உணவைக் கடையில் விற்கக் கண்டால் பற்றுச்சீட்டோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்னும் இலக்கத்திலோ முறையிடலாம்.