பிரேக் மிதிக்கு வழி விடுங்கள்!

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே டிராக்டர்களும் ஓடுகின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயல், நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லை, பண்ருட்டியின் முந்திரித் தோப்பு என எங்கு உழைத்தாலும், டிராக்டர் ஒரு நாள் சாலைக்கு வந்தே தீர வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிரேக் அரை வினாடி தாமதித்தாலும் 4 மீட்டர் போய்விடும். எதிரே வருபவரின் உயிர் அந்த 4 மீட்டரில் இருக்கலாம்.

மரங்களுக்கிடையே நுழைந்து உழும் சிறு டிராக்டரில் இடம் மிகக் குறைவு. அதில் டிப்பர் டிரெய்லரையோ, மண் அள்ளும் லோடரையோ பின்னர் பொருத்தும்போது, எண்ணெய் செல்லும் ரப்பர் ஹோஸ் பிரேக் மிதியை ஒட்டிச் செல்ல நேரிடுவதுண்டு. 'ஒரு விரல் இடைவெளி இருக்கிறதே, போதாதா?' என்று தோன்றும். போதுமா என்று பார்ப்போம்.

மிதி ஒரு நெம்புகோல்

பல சிறு டிராக்டர்களில் மிதியின் அசைவு ஓர் இரும்புக் கம்பி வழியாகப் பிரேக்குக்குச் செல்கிறது. காலடியிலிருந்து சுழலச்சு வரை 30 செ.மீ., அச்சிலிருந்து கம்பி வரை 6 செ.மீ. என்று கொள்வோம். கால் 20 கிலோ அளவு அழுத்தினால் கம்பி 100 கிலோ அளவில் இழுக்கப்படும். ஆனால் விசையில் பெற்றதைத் தூரத்தில் இழக்கிறோம். மிதி 10 செ.மீ. இறங்கினால் கம்பி நகர்வது 2 செ.மீ.தான்.

அந்த 10 செ.மீ.யில் முதல் 3 செ.மீ., மெக்கானிக்குகள் 'ஃப்ரீ பிளே' என்று சொல்லும் வெற்றசைவு எனக் கொள்வோம். மீதி 7 செ.மீ.யில் கம்பிக்குக் கிடைப்பது 14 மி.மீ. இப்போது ஹோஸ் குறுக்கே வந்து கடைசி 3 செ.மீ.யைத் தடுத்தால் மிஞ்சுவது 8 மி.மீ. மட்டுமே. பிரேக் தட்டுகள் தேயத் தேய வெற்றசைவு கூடும். இந்த 8 மி.மீ.யும் குறையும். மிதி கெட்டியாக இருக்கிறதென்று ஓட்டுநர் நம்புவார். அந்தக் கெட்டி பிரேக்கினுடையது அன்று, ஹோஸினுடையது!

டிராக்டரில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனி மிதி உண்டு. வயலில் குறுகித் திரும்ப இது உதவும். சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்ட வேண்டும். இணைக்காத நிலையில் ஹோஸ் ஒரு மிதியை மட்டும் தடுத்தால், வண்டி நிற்பதற்குப் பதில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஹோஸ் ஏன் அசைகிறது?

ஹோஸுக்குள் எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அளவுக்கு உயரக்கூடும். பாஸ்கல் விதிப்படி அது எல்லாத் திசைகளிலும் சமமாக அழுத்துகிறது. குழாயின் சுவரில் சுற்றளவு நெடுகத் தோன்றும் இழுவிசை, நீளவாக்கில் தோன்றுவதைப் போல் இரு மடங்கு. இரண்டையும் சமாளிக்கவே ரப்பருக்குள் எஃகுக் கம்பிகளைச் சாய்வாகப் பின்னுகிறார்கள். குழாயின் அச்சோடு அவை ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருந்தால் நீளம் மாறாது. சாய்வு சற்று மாறினாலும் ஹோஸ் நீளும் அல்லது சுருங்கும். நூற்றுக்கு 2 பங்கு வரை நீளலாம். 4 பங்கு வரை சுருங்கலாம்.

60 செ.மீ. ஹோஸ் 2 பங்கு நீண்டால் 1.2 செ.மீ. கூடும். இது அற்பம்தானே? இல்லை. இரு முனைகளும் நிலையாக இருப்பதால், நேராகப் பொருத்திய ஹோஸ் வில் போல் வளைந்தாக வேண்டும். கணக்கிட்டால் நடுப்பகுதி 5 செ.மீ.க்கு மேல் விலகுகிறது! துணி உலர்த்தும் கொடிக்கயிறு சிறிது நீண்டாலே வெகுவாகத் தொய்வதும் இதனால்தான். ஆகவே வண்டி நிற்கும்போது பார்த்த ஒரு விரல் இடைவெளி, லோடர் பாரம் தூக்கும்போது காணாமற் போய்விடும்.

நடுவில் ஒரு கிளாம்பு போட்டால் ஹோஸ் இரண்டு 30 செ.மீ. துண்டுகளாக நடந்துகொள்ளும், விலகலும் பாதியாகும். ஒரு சிறு கிளாம்பின் மதிப்பு இது.

சரி செய்வது எப்படி?

சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். லோடரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகளை முன்னும் பின்னும் அசைத்து உள்ளழுத்தத்தைப் போக்குங்கள். முதலில் இரு மிதிகளின் வெற்றசைவையும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி சமமாக வையுங்கள். பிறகு மிதியைக் கடைசி வரை அழுத்தி, அது செல்லும் வழி முழுவதையும் பாருங்கள்.

ஹோஸ் முனையின் வளைவு இணைப்பைத் தளர்த்தி, மிதிக்கு எதிர்ப்புறம் திருப்பி இறுக்குங்கள். ஹோஸின் மேல் அச்சிட்ட கோடு முறுக்கேறாமல் நேராக ஓட வேண்டும். சுருங்குவதற்கும் இடம் வேண்டுமாதலால் இழுத்துக் கட்டாதீர்கள். தொய்வு மிதிக்கு அப்பால் இருக்கட்டும். கிளாம்பை வண்டியின் உடலில் பொருத்துங்கள். பிரேக் கம்பியில் ஒருபோதும் கட்டாதீர்கள். மிதியைப் பழுக்கக் காய்ச்சி வளைப்பதும் கூடாது. எஃகின் உறுதி கெடும், நெம்புகோலின் கணக்கும் மாறும்.

இறுதியாக எஞ்சினை ஓட்டி, பாரம் தூக்கும்போது ஹோஸ் எப்படி அசைகிறது என்று விலகி நின்று பாருங்கள். தூக்கிய லோடரின் கீழ் யாரும் நிற்கலாகாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும். எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உராய்ந்து உள்கம்பி தெரியும் ஹோஸை சைக்கிள் டியூப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

இடைவெளியை அளக்க வேண்டியது வண்டி ஓய்ந்திருக்கும்போது மட்டுமல்ல, அது உழைக்கும்போதும்தான்.