அப்பா முழுங்கிய மாத்திரை!

என் அப்பாவுக்கு வயது 74. பூமி சுற்றுவதை நிறுத்தினாலும் நிறுத்தும்; காலை ஏழு மணிக்கு அவர் பி.பி. மாத்திரை போடுவது நிற்காது.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் லேடி டாக்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "இந்த டெல்மிசார்டனை மட்டும் நாளைக்குப் போட வேண்டாம்."

மறுநாள் தியேட்டர் வாசலில் அப்பா என் காதில் கிசுகிசுத்தார்.

"பழக்க தோஷம்டா... ஒரு வாய்த் தண்ணியில போட்டுட்டேன். சொல்லிடாதே. தேதியைத் தள்ளிட்டா உனக்கு மறுபடி லீவு கிடைக்காது."

நிஜம்தான். மிச்சமிருந்தது இரண்டே கேஷுவல் லீவு! ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஸ்ட்ரெச்சரில் அப்பாவைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க" என்றவர், ஆபரேஷனைத் தள்ளி வைக்கவும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் விளக்கினார்:

"மயக்கம் கொடுக்கிற முதல் சில நிமிஷம்தான் ஸார் எங்களுக்கு டென்ஷன். ப்ரோபஃபால் ஊசி ரத்தக் குழாய்களைத் தளர்த்திடும். பி.பி. சரியும். உங்க வயசுல உடம்பே சமாளிச்சுக்கும். பெரியவங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அந்த மாத்திரை வேற, சரிஞ்ச பி.பி.யை உடம்பு தூக்கி நிறுத்தற ஒரு வழியை அடைச்சிடும். ரொம்ப நேரம் சரிஞ்சே கிடந்தா மூளை, இதயம், கிட்னிக்கு ரத்தம் பத்தாது."

"அப்போ என்ன செய்வீங்க?"

"இளவட்டத்துக்குக் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் மருந்துன்னா, பெரியவங்களுக்கு 1 முதல் 1.5தான். அதையும் மெதுவாத்தான் ஏத்தணும். அவங்களுக்கு ரத்த ஓட்டம் நிதானம். மருந்து வேலை செய்யவே நேரமாகும். 'இன்னும் தூங்கலையே'ன்னு அவசரப்பட்டு இன்னொரு டோஸ் போட்டா வம்பு! நிமிஷத்துக்கு ஒரு தடவை பி.பி. பார்ப்போம். குழாயை இறுக்கற ஃபினைல்எஃப்ரின் சிரிஞ்சில் ரெடியா இருக்கும். நீங்க சொன்னதால, அதைக் கையிலயே வெச்சிருந்தேன். ஒரு தடவை சரியப் பார்த்தது... பிடிச்சுட்டோம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆகவே ஸார், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன் என்றால், அவர் சாப்பிடும் அத்தனை மாத்திரைகளையும் துண்டுச் சீட்டில் எழுதி மயக்க டாக்டரிடம் நீட்டிவிடுங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்; பீட்டா பிளாக்கர் போன்றவற்றைத் திடீரென்று விட்டாலும் ஆபத்து. மறந்துபோய் எதையாவது முழுங்கியிருந்தால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் கண் விழித்த அப்பா கேட்ட முதல் கேள்வி:

"டாக்டர்கிட்டே போட்டுக் குடுத்துட்டியா?"

"ஆமாம்பா."

"அட, எட்டப்பா!"

அந்தப் பெயர் இவ்வளவு இனிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.