கால் புண்ணும் 'ஸ்டெம் செல்' சிகிச்சையும்

இனிப்பு நீர் முற்றினால் பாத நரம்பு மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறையும். சப்பாத்து கடித்தாலும் முள் குத்தினாலும் வலி தெரியாது. புண் லேசில் ஆறாது. தாமதித்தால் காலையே எடுக்க நேரிடும்.

'ஸ்டெம் செல்' என்பது வேறு அணுக்களாக வளரக்கூடிய மூல அணு. 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள், இரத்த ஓட்டம் குன்றிய கால்களில் நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை அணுக்களை ஊசிமூலம் செலுத்தினர். பலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால், இனிப்பு நீர்ப் புண்ணுக்கு இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. விளம்பரத்தை நம்பிச் சேமநிதிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்!

வேலை முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் தினமும் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். சின்னப் புண்தானே என்று இருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.